வீடு காலி, விலாசம் கையில்
சி மொழியின் ஒரு பழைய பிழையும் அதன் பூர்வீகமும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "வாத்தியார்கள், கேன்டீன், விளையாட்டு விழா பற்றி எழுத நிறையப் பேர் இருக்காங்க. நீங்க கம்ப்யூட்டர் பக்கமா ஏதாவது வரலாறு எழுதுங்க" என்றார்கள். வரலாறு என்றாலே நம் பக்கத்தில் மாமல்லபுரம், பல்லவர் என்றுதான் கை ஓடும். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு, இருபத்தைந்து வருஷம் கழித்து நம் கடற்கரை விடுதி ஒன்றின் மேனேஜரைத் தூங்கவிடாமல் செய்த கதை இது. பிற துறை நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கணக்கு கொஞ்சம்தான் வரும்.

எங்கள் செட்டில் செருப்பை வெளியே விட்டுவிட்டு லேபுக்குள் போய், டர்போ சி-யின் நீலத் திரை முன் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேராவது இந்தப் பிழையை ரெக்கார்டு நோட்டிலேயே எழுதியிருப்பார்கள். அது இதுதான்: ஒரு ஃபங்ஷனுக்குள் எழுத்துகளை அடுக்க ஓர் அரே வைத்துக்கொள்வது, அதில் பெயரையோ தேதியையோ நிரப்புவது, கடைசி வரியில் அந்த அரேயின் பெயரை ரிட்டர்ன் செய்துவிடுவது. பார்க்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் திரும்பி வருவது அரே அல்ல, அதன் விலாசம் மட்டும்தான். ஃபங்ஷன் முடிந்த கணமே அந்த அரே இருந்த இடம் காலி செய்யப்பட்டதாகக் கணக்கு. கையில் விலாசம் இருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை.

காலி என்றால் கழுவித் துடைத்து வைத்தது என்று அர்த்தமில்லை. லாட்ஜில் ரூம் காலி செய்தவர் விட்டுப்போன செய்தித்தாள் அடுத்த ஆள் வரும்வரை மேஜைமேல் கிடக்கும் இல்லையா, அதுபோல அந்த எழுத்துகள் அங்கேயே கிடக்கும். உடனே எட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அதனால்தான் லேபில் அவுட்புட் ஒழுங்காக வந்தது, மார்க்கும் விழுந்தது. தப்பான புரோகிராம் தப்பான விடை தந்தால் ஒரு தொல்லையும் இல்லை. அது சரியான விடை தருகிறபோதுதான் ஆபத்து.

இது வெறும் வகுப்பறைச் சமாச்சாரம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது 1995 வாக்கில். செங்கல்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்புத் தோழன் ஒருவன் மாமல்லபுரத்தில் ஒரு விடுதிக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தான். நாட்டிய விழா சமயம், வெளிநாட்டு விருந்தாளிகள் நிறைய. ஒருநாள் காலை பஸ் பிடித்து வந்து, "மச்சான், பேரெல்லாம் வாலறுந்து வருதுடா. மீதிப் பணத்தை நிறுத்தி வச்சுட்டாங்க" என்றான்.

போய்ப் பார்த்தோம். மேனேஜருக்கு பில்லைப் பற்றிப் பெரிய கவலை இல்லை, அதைப் பேனாவால் திருத்திக் கொடுத்துவிடலாம். அவர் கவலை சி ஃபாரம். வெளிநாட்டவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை எழுதி அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டிய படிவம் அது. (சி மொழிக்கும் அதற்கும் எழுத்து ஒற்றுமை தவிர வேறு உறவில்லை.) அதையும் இந்தப் புரோகிராம்தான் அச்சடித்துக்கொண்டிருந்தது. "பாஸ்போர்ட்ல ஒரு பேரு, ஃபாரத்துல ஒரு பேருன்னா ஸ்டேஷன்ல கையக் கட்டிக்கிட்டு நிக்கிறது நாங்கதான் தம்பி" என்றார் அவர். நியாயம்தானே.

ஒரு மாதத்துப் பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை. சின்னப் பெயர்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. நீளமான பெயர்களுக்கு மட்டும் கடைசியில் சிரிக்கும் முகம், கோடு, கட்டம் என்று டாஸ் எழுத்துருவின் சகல விநோதங்களும். தோழன் சோதித்துப் பார்த்தபோது கொடுத்த பெயர்கள் மணி, ரவி, குமார். வந்து தங்கியவர்களோ மூன்று பெயரைக் கோத்து வைத்திருக்கும் ஐரோப்பியர்கள். அறை எண்ணைக் கொடுத்தால் விருந்தாளி பெயரைத் தரும் ஒரு ஃபங்ஷன். அதற்குள் முப்பது எழுத்துக்கு ஓர் அரே. கடைசி வரியில் அதன் விலாசம் ரிட்டர்ன்.

ஏன் வால் மட்டும் அறுந்தது என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். கம்ப்யூட்டர் துறை மாணவர்கள் இந்த ஒரு பத்தியைக் கவனமாகப் படிக்கலாம். 8086 குடும்பத்தில் ஸ்டாக் மேலிருந்து கீழ்நோக்கி வளரும். அரேயின் முதல் எழுத்து கீழே, கடைசி எழுத்து மேலே. அந்த ஃபங்ஷன் முடிந்ததும் பெயரை வேறிடத்துக்குப் பிரதியெடுக்க 'ஸ்டிரிங் காப்பி'யைக் கூப்பிட்டிருந்தான். ஸ்மால் மாடலில் அதற்கு இரண்டு விலாசம் நாலு பைட், திரும்பிப் போகும் இடம் இரண்டு பைட், பாதுகாத்து வைக்கும் மூன்று ரெஜிஸ்டர் ஆறு பைட். ஆக 12. இதில் முதல் ஆறு, முந்தைய ஃபங்ஷனின் அறை எண்ணும் மற்ற சங்கதிகளும் இருந்த இடத்தில் விழுந்துவிடும். மீதி ஆறு அரேயின் கடைசி ஆறு கட்டங்கள்மேல் விழும். ஆகவே எங்கள் கணக்குப்படி 23 எழுத்து வரை உள்ள பெயர் தப்பிக்கும், அதைத் தாண்டினால் வால் போகும். பட்டியலும் அப்படியே இருந்தது, இரண்டு மூன்று பெயர்களைத் தவிர. அவை சின்னப் பெயர்களாக இருந்தும் கெட்டிருந்தன.

அதற்கும் காரணம் உண்டு. டாஸில் கடிகார இன்டரப்ட் நொடிக்கு சுமார் 18.2 தடவை அடிக்கும். விசைப்பலகையில் விரல் பட்டால் அதற்கொன்று. இந்த இன்டரப்டுகள் தங்களுக்கென்று தனி இடம் வைத்துக்கொள்ளாமல், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் ஸ்டாக்கிலேயே வந்து உட்காரும். பிரதியெடுக்கிற அந்தக் கணத்தில் ஒன்று வந்து விழுந்தால் பெயரின் நடுவிலேயே கைவைக்கும். மாதத்தில் ஒன்றிரண்டு முறை நடக்கும், திரும்ப ஓட்டிப் பார்த்தால் நடக்காது. இப்படிப்பட்ட பிழைதான் மனுஷனைப் பைத்தியமாக்கும்.

சரி, இப்படியொரு குழியை மொழியை உண்டாக்கியவர்கள் ஏன் திறந்து வைத்தார்கள்? இதற்கு விடை சொல்ல இரண்டு பழங்கதை தேவை.

முதல் கதை ஸ்டாக். கடைசியாக வைத்ததை முதலில் எடு என்கிற ஏற்பாடு. ஜெர்மனியில் பாவர், சாமெல்சன் என்ற இருவர் 1957-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 1960-ல் ஆல்கால் மொழி வந்தபோது, ஒரு ஃபங்ஷன் தன்னைத் தானே கூப்பிடலாம் என்றானது. அப்போது ஒவ்வொரு கூப்பிடலுக்கும் தனித்தனி இடம் வேண்டும். கூப்பிடும்போது ஸ்டாக்கில் இடம் கொடு, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள் என்ற வழி இதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. நம் மூத்தவர்கள் படித்த பழைய ஃபோர்ட்ரானில் இந்தத் தொல்லையே கிடையாது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ல் ஐ.பி.எம். 370 வந்த காலத்து ஆட்கள் கார்டு துளைத்து எழுதிய புரோகிராம்களில், ஒரு சப்ரொட்டீனின் உள் அரேக்கள் பொதுவாக ஒரே இடத்தில் நிரந்தரமாக இருக்கும். காலி செய்வதும் இல்லை, விலாசத்தை வெளியே கொடுக்கும் வழியும் இல்லை. அதற்கு விலையாகத் தன்னைத் தானே கூப்பிடும் வசதி கிடையாது, இடமும் வீணாகும்.

காலியான இடத்தை வேறொருவர் எடுத்துக்கொண்ட பிறகும் பழைய விலாசத்தை நம்புவது எப்படி இருக்கும் என்பதற்கு நம் மாவட்டமே உதாரணம். நம் சங்கத்தின் பழைய பதிவேட்டில் காஞ்சிபுரத்து நண்பர்களும் திருவள்ளூர் நண்பர்களும் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்றே முகவரி கொடுத்திருக்கிறார்கள். 1997 ஜூலை 1-ஆம் தேதி அந்த மாவட்டமே போய், காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானது. இருபத்திரண்டு வருஷம் கழித்து, 2019 நவம்பர் 29-இல் செங்கல்பட்டு மாவட்டம் என்ற பெயர் மறுபடி வந்தது. பெயர் வந்ததே தவிர பழைய எல்லை வரவில்லை. மாமல்லபுரம் உள்ளே இருக்கிறது, காஞ்சிபுரமும் திருவள்ளூரும் இல்லை. இடையில் உள்ள 22 வருஷம் அப்படி ஒரு மாவட்டம் இல்லை என்றாவது தெரிந்தது. இப்போது பழைய பதிவேட்டை வைத்துத் தேடினால் விலாசம் சரிபோலவே இருக்கும், ஆள் மட்டும் அங்கே இருக்கமாட்டார். பில்லில் நடந்ததும் இதுதான்.

இரண்டாவது கதை நியூ ஜெர்சி, மரே ஹில், பெல் ஆய்வுக்கூடம். 1969-ல் கென் தாம்ப்சன் ஒரு சின்ன பி.டி.பி.-7 கணினியில் யூனிக்ஸைத் தொடங்கினார். அதற்கு அவர் எழுதிய மொழியின் பெயர் பி. அது மார்ட்டின் ரிச்சர்ட்ஸின் பி.சி.பி.எல். மொழியைச் சுருக்கிப் பிழிந்த சாறு. பி-யில் ஓர் அரே அறிவித்தால் இரண்டு சமாச்சாரம் உருவாகும்: பத்து கட்டம் கேட்டால் பத்து கட்டம், அதோடு அந்தக் கட்டங்களின் விலாசத்தை வைத்திருக்கும் ஒரு தனிச் செல். அரேயின் பெயர் என்பது உண்மையில் அந்தச் செல்லின் பெயர்.

1971-ல் டென்னிஸ் ரிச்சி பி-யை விரிவுபடுத்த ஆரம்பித்தார். ஸ்ட்ரக்சர் என்ற ஒன்றைச் சேர்க்க நினைத்தபோது இடித்தது. அவர் எதிரில் இருந்த நிஜ உதாரணம் யூனிக்ஸ் டைரக்டரிப் பதிவு: ஓர் எண், அதோடு 14 எழுத்தில் கோப்பின் பெயர். இந்த இரண்டும் டிஸ்கில் எப்படி இருக்கின்றனவோ அப்படியே நினைவகத்திலும் உட்கார வேண்டும். பெயர் ஓர் அரே என்றால் அதன் விலாசச் செல்லை எங்கே ஒளித்து வைப்பது? ஒளித்து வைத்தாலும் டிஸ்கிலிருந்து படிக்கும்போது அதை யார் நிரப்புவது?

அவர் செய்தது பெரிய வேலை. அந்தச் செல்லையே ஒழித்துவிட்டார். அரே என்றால் கட்டங்கள் மட்டும்தான். அதன் பெயரை ஒரு கணக்கில் எழுதும்போதெல்லாம் கம்பைலர் முதல் கட்டத்தின் விலாசத்தை அப்போதைக்கு உண்டாக்கிக் கொடுத்துவிடும். பி.சி.பி.எல்.லிலிருந்து சி-க்கு வந்த பாதையில் தீர்மானமான தாவல் இதுதான் என்று, 1993-ல் நிரல் மொழிகளின் வரலாற்று மாநாட்டுக்கு எழுதிய கட்டுரையில் ரிச்சியே சொல்லியிருக்கிறார். அழகான சிக்கனம். ஆனால் இதன் விளைவாக அரே என்பதை முழுசாக யாரிடமும் கொடுக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. ரிட்டர்ன் என்று எழுதினால் விலாசம்தான் போகும். ஸ்டாக்கின் சிக்கனமும் இந்தச் சிக்கனமும் ஒரே வரியில் சந்தித்த இடம்தான் மாமல்லபுரத்து பில்.

யாருக்கும் இது முன்பே தெரியாதா என்றால், தெரியும். சி பிறப்பதற்கு முன்பே, ஆல்கால் 68 மொழியின் விதியில், சீக்கிரம் மறையப்போகும் ஒன்றின் விலாசத்தை அதைவிட நீண்ட ஆயுள் உள்ள ஒன்றிடம் கொடுக்கக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டார்கள். ஆனால் அந்த விதியை முழுக்கக் காப்பாற்ற வேண்டுமானால் சில இடங்களில் ஓடும்போதும் சோதிக்க வேண்டும். ரிச்சியும் தாம்ப்சனும் வேலை செய்த முதல் பி.டி.பி.-11-இல் மொத்த நினைவகம் 24 கே பைட். அதில் 16 யூனிக்ஸுக்கு, 8 மற்றவர்களுக்கு. இன்று ஒரு கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதுகூட அதற்குள் அடங்காது. ஒவ்வொரு விலாசத்துக்கும் காவல்காரன் போட அங்கே ஏது வசதி? எழுதுகிறவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கூடத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தும் இருந்தது. 1973-ல் யூனிக்ஸின் கருவையே சி-யில் மாற்றி எழுதினார்கள். 1978-ல் கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய புத்தகம் வந்தது. பிறகு அந்த மொழி, அந்தக் கூடத்தைப் பார்த்தே இராத லட்சக்கணக்கானவர்கள் கைக்குப் போனது. விதி மட்டும் கூடவே போகவில்லை. இந்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன். 24 கே-க்கு அது சரியான முடிவு. 640 கே-யுடன் இருந்த எங்கள் லேபில் இதைச் சொல்லித் தராததுதான் குறை.

மீண்டும் விடுதிக்கு வருவோம். தோழன் பிழையைக் கண்டுகொண்டதும் முதலில் செய்தது, அரேக்கு முன்னால் ஸ்டேட்டிக் என்று ஒரு வார்த்தை சேர்த்தது. இப்போது அந்த அரே ஸ்டாக்கில் இல்லை, நிரந்தரக் குடியிருப்பு. பெயர்கள் எல்லாம் முழுசாக வந்தன. எல்லோருக்கும் டீ வந்தது. இரண்டு நாள் கழித்து, "சார், புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே பேரு வருது" என்று டெலிபோன்! தம்பதி தங்கும் அறைக்கு ஒரே பிரின்ட்எஃப் வரியில் அந்த ஃபங்ஷனை இருமுறை கூப்பிட்டிருந்தான். இரண்டு முறையும் வந்தது ஒரே விலாசம். அச்சடிக்கும் நேரத்தில் அங்கே யார் இருக்கிறாரோ அவர் பெயர்தான் இருவருக்கும்.

இதில் அவனைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. யூனிக்ஸ் நூலகமே இதைத்தான் செய்து வைத்திருந்தது. நேரத்தை எழுத்தாக்கித் தரும் சிடைம், ஏஎஸ்சிடைம் இரண்டும் 26 எழுத்து கொண்ட ஒரு நிரந்தர அரேயின் விலாசத்தையே தரும். வந்த நேரம், போன நேரம் இரண்டையும் ஒரே வரியில் அச்சடித்துப் பாருங்கள், வந்தவுடனே போய்விட்டதாகக் காட்டும். பல இழைகள் ஒரே சமயத்தில் ஓடும் புரோகிராம்கள் பெருகியபோது இது பொறுக்க முடியாமல் போய், 1995-ல் போசிக்ஸ் தரத்தில், கூப்பிடுகிறவரே இடம் கொடுக்க வேண்டும் என்ற மாற்று ஃபங்ஷன்கள் சேர்க்கப்பட்டன. சி-23 என்ற அண்மைத் தரம் ஏஎஸ்சிடைமையும் சிடைமையும் கைவிடத்தக்கவை என்று அறிவித்துவிட்டது.

நாங்களும் கடைசியில் அந்த வழிக்கே வந்தோம். கூப்பிடுகிறவர் தன் பாத்திரத்தைக் கொண்டுவர வேண்டும், அது எவ்வளவு கொள்ளும் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது பாதியை மறந்தவர்களுக்கு உலகமே ஒரு பாடம் பார்த்திருக்கிறது. 1988 நவம்பரில் இன்டர்நெட்டில் ஊர்ந்த மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று கெட்ஸ் என்ற ஃபங்ஷன். அதுவும் அரேயின் விலாசத்தை மட்டும் வாங்கும், நீளத்தைக் கேட்காது. செல்லை ஒழித்த அந்த ஏற்பாட்டில் அரே தன் நீளத்தையும் கூடவே எடுத்துப் போவதில்லை. 2011-ஆம் ஆண்டுத் தரத்தில் கெட்ஸை மொழியிலிருந்தே நீக்கினார்கள்.

தோழனுக்கு மீதிப் பணம் வந்துவிட்டது. சி ஃபாரமும் ஒழுங்கானது. மேனேஜர் மட்டும் அதன்பிறகும் நீளமான பெயர் வந்தால் ஒருமுறை விரலால் எண்ணிப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்.

இன்றைய மாணவர்களுக்கு நிலைமை நல்லது. இந்த வரியை நேரடியாக எழுதினால் ஜி.சி.சி. கேட்காமலே எச்சரிக்கும். அதன் புதிய பதிப்புகள் ஒருபடி மேலே போய், அந்த விலாசத்துக்குப் பதில் பூஜ்ஜியத்தையே கொடுத்து, தொட்டவுடன் புரோகிராமை விழவைக்கின்றன. பாதி சரியாக ஓடி ஏமாற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் விலாசத்தை வேறொரு பாய்ன்டரில் போட்டு, அதை ஒரு ஸ்ட்ரக்சரில் வைத்து, மூன்று ஃபங்ஷன் தாண்டி வெளியே விட்டால் கம்பைலர் கண்ணுக்குத் தப்பலாம். அட்ரஸ் சானிடைசரில் இதற்கென்று ஒரு சோதனை இருக்கிறது, அதைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். 2015-ல் முதல் பதிப்பு வந்த ரஸ்ட் மொழியோ, ஆல்கால் 68-இன் விதியைக் கம்பைல் செய்யும்போதே கறாராகக் கேட்கிறது. விலாசம் வீட்டைவிட நீண்ட நாள் வாழப் பார்த்தால் புரோகிராமே உருவாகாது.

லேபில் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். சி-யில் அரேயைத் திருப்பித் தர முடியாது, ஆனால் அரே உள்ளே இருக்கும் ஸ்ட்ரக்சரைத் திருப்பித் தரலாம். 1978 புத்தகம் வந்த சமயத்தில் அந்த வசதி இல்லை, பின்னாலேயே சேர்ந்துவிட்டது. ரிச்சியைத் திண்டாட வைத்த அதே டைரக்டரிப் பதிவை, ஓர் எண், 14 எழுத்துப் பெயர் என்று எழுதி, ஒரு ஃபங்ஷனிலிருந்து ரிட்டர்ன் செய்து பாருங்கள். விலாசம் போகாது. பதினாலு எழுத்தும் பிரதியாகி வெளியே வரும்.